காளியின் தங்கை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி உங்கம்மா தூங்கிய பிறகு 'முள்ளும் மலரும்' போட்டுப் பார்த்தேன். சிரிக்காதே. துண்டு துண்டாக நூறு தடவை பார்த்திருப்பேன், முழுசாக உட்கார்ந்து பார்த்து 30 வருஷம் இருக்கும்.

1978இல் அது வந்தபோது எனக்கு 17 வயது. ஒரு கை போய், வேலையும் போய், அப்போதும் இன்ஜினீயர் முன்னால் நின்று "கெட்ட பய சார் அவன்" என்று தன்னைப் பற்றியே சொல்லுவான் காளி. ரஜினி அதைச் சொன்ன விதத்தில் மயங்கிப்போய், நானும் இந்த ஜாதிதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். எனக்குக் கை போகவில்லை, வேலைதான் ரெண்டு தடவை போனது. 'செந்தாழம் பூவில்' வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்த இன்ஜினீயர் சரத்பாபு ஜீப் ஓட்டிக்கொண்டு பாடுகிற பாட்டை நான் ஏன் கேட்கணும்? (நேற்று அதை மட்டும் ரெண்டு முறை போட்டுக் கேட்டேன். என்ன பாட்டு!)

அப்புறம் ஷோபா. அந்த வயதில் எனக்கு வள்ளி என்றால் காளியின் தங்கை, அவ்வளவுதான். நேற்றுப் பார்த்தால் அது குழந்தை முகம். படம் வெளியானபோது அந்தப் பெண்ணுக்கு 16 கூட நிரம்பவில்லை. 1980இல் போயும் சேர்ந்துவிட்டது. டைரக்டர் மகேந்திரன் வசனத்தைவிட முகத்தை நம்பியவர், கேமராவில் பாலுமகேந்திரா வேறு. அண்ணனை நிமிர்ந்து பார்க்கும்போது அந்தக் கண்ணில் பாசம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பயமும் இருக்கிறது. இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? அண்ணனுக்குப் பிடிக்காத அந்த இன்ஜினீயரோடு கல்யாணத்துக்குப் போகிறவள் பாதியில் திரும்பி அண்ணனிடம் ஓடி வருவாள். தங்கைக்கு எல்லோரையும்விட நான்தான் முக்கியம், அது போதும் என்று பூரித்துப்போய், இன்ஜினீயரோடு அவளை அனுப்பி வைப்பான். உங்களை எனக்கு இப்பவும் பிடிக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான். அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் அழுதிருக்கிறேன், எவ்வளவு பெரிய மனசு என்று. நேற்று அழுகை வரவில்லை. அவள் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்து நின்ற பிறகுதானே அவன் விட்டுக்கொடுக்கிறான்!

படத்தை நிறுத்திவிட்டேன்.

நீ அந்த வேலைக்குக் கிளம்பிய வருஷம், ஒரு மாசத்துக்கு மேல் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னால், அடுக்கிய பெட்டியைத் திறந்து துணியை ஒவ்வொன்றாக பீரோவில் திருப்பி வைத்தாய். அந்த நீலச் சுடிதாரைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு வந்து, "நான் போகலப்பா" என்றாய். அடுத்த நிமிஷமே "போயிட்டு வாடா" என்றேன். இத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தையை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், தெரியுமா? உங்கம்மா மட்டும் ஒரு நாளும் அதற்குத் தலையாட்டியதில்லை.

அன்றைக்கு ராத்திரி பெட்டியை மறுபடி அடுக்கினாயே, நான் கூட இருந்து ஏதாவது எடுத்துக் கொடுத்தேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அடுத்த தடவை பேசும்போது சொல்லு.

அப்பா