கருவி மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

உள்நாட்டுப் பாதுகாப்பு நிதி பற்றிய தங்கள் தலையங்கம் நில எல்லை வேலியையும் குடியேற்றச் சோதனையையும் விரிவாகப் பேசியது. கடலுக்கு ஒரு வரிதான். 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் பயன்படுத்தியது கடத்தப்பட்ட மீன்பிடிப் படகு. எது நம் படகு என்று கரையிலிருந்தே அறிவதுதான் முதல் காவல். அதற்கு உதவும் டிரான்ஸ்பாண்டரை, அதாவது படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே கரைக்குத் தெரிவிக்கும் கருவியை, 1 லட்சம் படகுகளில் பொருத்த 364 கோடி ரூபாய் திட்டம் வந்தது நல்லதே. ஆனால் பொருத்திய பிறகு?

குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை மீனவக் கிராமங்களின் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவை. சாதாரண வயர்லெஸ் அத்தனை தூரம் எட்டாது. 2017 ஒக்கி புயலில் கண்டோம். செயற்கைக்கோள் கருவி எட்டும், ஆனால் உப்புக் காற்றில் ஆண்டெனா கேபிள் முனையில் களிம்பேறினால் அதுவும் ஊமைதான். கரையிலுள்ள திரையில் அந்தப் படகே இருக்காது. ஆபத்தில் சிக்கினாலும் தெரியாது, அந்நியப் படகு புகுந்தாலும் பிரித்தறிய முடியாது. கருவி வாங்கும் நிதியோடு ஆண்டுப் பராமரிப்புக்கும் தனித் தலைப்பில் ஒதுக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அப்போதே சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் கேபிள், பேட்டரி, ஆபத்துப் பொத்தான் மூன்றையும் சோதித்துச் சான்று தரலாம்.

- வாசகர், குளச்சல்