லியோனில் நடந்தே சாப்பிட்டது

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. பேத்தியைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே!

நான் இப்போது பிரான்ஸில், லியோன் நகரத்தில், மகன் வீட்டில் இருக்கிறேன். அவனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவதால், வரைபடத்தை எடுத்துக்கொண்டு நானே ஊர் சுற்றுகிறேன். ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கும் ஊர். ஆறு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும், வழி தப்பாது.

காலையில் சோன் கரைச் சந்தைக்குப் போனேன். சேன் மார்செலன் என்ற பாலாடைக்கட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன வட்டம். கடைக்கார அம்மா ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். இன்றைக்கே சாப்பிடவா, நாளைக்கா என்று கேட்டுவிட்டுத்தான் பொறுக்கித் தந்தார். நம் ஊரில் மாம்பழம் விற்கிறவர்கள் கேட்பார்களே, அதே அக்கறை.

அங்கிருந்து க்ருவா ரூஸ் குன்று. 19ஆம் நூற்றாண்டில் பட்டு நெசவாளர்கள் நிறைந்திருந்த பகுதி. பூவேலைப்பாடு நெய்யும் உயரமான ஜக்கார்டு தறிகள் நிற்கவேண்டும் என்பதால் வீடுகளுக்கும் அவ்வளவு உயரக் கூரை. கூலி போதாமல் 1831லும் 1834லும் கிளர்ந்தெழுந்தவர்கள் இவர்கள். விடியுமுன்பே உழைத்துக் களைத்து, காலையிலேயே குடலும் பன்றிக்கறியும் ஒயினுமாக வயிறாரச் சாப்பிடுவார்களாம். அந்தச் சாப்பாட்டுக்கு ‘மாஷோன்’ என்று பெயர். பணக்காரர்கள் ஒதுக்கிய கறியைப் பக்குவமாகச் சமைக்கக் கற்றவர்கள் வளர்த்த ருசிதான் இந்த ஊரின் ருசி என்று எனக்குத் தோன்றுகிறது.

மதியம் ஒரு ‘பூஷோன்’, அதாவது இந்த ஊர்ப் பாரம்பரியச் சின்ன உணவகத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து மேசைக்காரர் முழங்கை இடிக்கும் அளவு நெருக்கம். நான் கேட்டது கெனெல். முள் அதிகமுள்ள பைக் என்ற ஆற்றுமீன். சதையை அரைத்து, முட்டை, வெண்ணெய், மாவு சேர்த்து நீளமாகப் பிடித்து வேகவைக்கிறார்கள். பிறகு நன்னீர்ச் சிங்கி இறால் சாற்றில் அடுப்பில் வைத்தால் பொம்மென்று உப்பிவிடுகிறது. கரண்டி பட்டதும் விண்டுபோகிறது, மீனா! வாயில் முதலில் வெண்ணெய், அப்புறம் மீன், கடைசியில் இறாலின் இனிப்பு. உன்னை ரொம்ப நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டு ரூ ருவாயால் தெருவுக்கு நடந்தேன். யூஜெனி பிரேசியே என்ற சமையல்கார அம்மா 1921இல் அங்கேதான் உணவகம் திறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்து, பண்ணைகளில் வேலை பார்த்து வளர்ந்தவர். 1933இல் அவருடைய இரண்டு உணவகங்களுக்கும், உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷலான் கையேடு, அதன் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம் கொடுத்தது. அவரைப் போலப் பணக்கார வீடுகளில் சமைத்துப் பழகிய பெண்கள் பலர் இங்கே சொந்தக் கடை வைத்தார்கள். உலகம் கொண்டாடும் சமையல் கலைஞர் போல் போக்கூஸும் இளவயதில் பிரேசியேவிடம் வேலை கற்றவர். இந்த ஊரின் பெரிய சந்தைக் கூடத்துக்குப் போக்கூஸின் பெயர். எதிர்ச் சுவரில் ஆளுயரத்தை மிஞ்சிய அவருடைய ஓவியம். வேண்டியதுதான். ஆனால் இங்கே வருகிற எல்லோருக்கும் முதலில் பிரேசியேவின் கதையைச் சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

உன் அம்மா மெஸ் நடத்திய நாட்களைப் பற்றி அடிக்கடி சொல்வாய். அந்தக் கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறதா? அவருடைய விரால் குழம்பை, புளி அளவு முதற்கொண்டு, அடுத்த கடிதத்தில் எழுது. மருமகள் இப்போதே கேட்டு நச்சரிக்கிறாள்.

அன்புடன்,
வசந்தா