சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25, காரைக்குடி

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் ஆச்சிமார், அண்ணன்மார், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு 5 முறை கூடியது. மார்கழியில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போய் வந்தோம். மாணவர் ஓவியப் போட்டி வழக்கம்போல் நடந்தது.

பிப்ரவரியில் சென்ற பனாமா கப்பல் பயணம் பற்றி ஊரில் பலவிதமாகப் பேச்சு. அதனால் விவரம் சொல்கிறேன். சங்கப் பணம் ஒரு ரூபாயும் இதில் இல்லை, அவரவர் கைப்பணம். பெயர் கொடுத்தவர்கள் 14 பேர், கிளம்பியவர்கள் 9 பேர். கடைசி மாதத்தில் 5 பேர் விலகியதால் இரண்டு ஆச்சிமார் தனி அறைக்குக் கூடுதலாகக் கட்ட நேர்ந்தது. விலகியவர்கள் ஒருவரும் நேரில் வந்து சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பனாமாவிலிருந்து திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே அது செல்லும். அதற்காகக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு மூன்று முறை அலைந்தேன்.

பெரிய கப்பலில் போயிருக்கலாமே என்கிறார்கள். பெரிய கப்பல் தீவோரம் ஒதுங்காது. எங்கள் சின்னக் கப்பலிலிருந்து ரப்பர் படகில் இறக்கிக் கரையிலேயே விட்டார்கள். பனாமாவின் கொய்பா தீவு 1919 முதல் 2004 வரை சிறைத்தீவு. கைதிகளுக்குப் பயந்து யாரும் குடியேறாததால் காடு தப்பியது; சிவப்பு மக்காவ் கிளிகள் ஜோடி ஜோடியாகத் தலைக்கு மேலே பறந்தன. முத்துத் தீவுகளில் பிரிகேட் என்ற கடற்பறவைகளில் ஆண்கள் தொண்டைப் பையைச் சிவப்புப் பலூனாக ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் இணைக்கும் பனாமா கால்வாய்தான் என்னை உலுக்கியது. பசிபிக் பக்கம் மிராஃப்ளோரஸில் இரண்டு, பெட்ரோ மிகேலில் ஒன்று எனக் கப்பலைத் தண்ணீரால் தூக்கும் மூன்று தொட்டிப் படி ஏறினால், கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே காத்தூன் ஏரி. சாக்ரஸ் ஆற்றை அணைகட்டித் தேக்கியது. மூழ்கிய மலையின் உச்சிதான் இன்று பாரோ கொலராடோ தீவு. மறுபக்கம் மூன்று படி இறங்கினால் அட்லாண்டிக். கப்பலைத் தூக்கும் தண்ணீருக்குப் பம்பு கிடையாது. ஏரித் தண்ணீர் மேலிருந்து தானே பாய்ந்து தொட்டியை நிரப்புகிறது. நம் கண்மாய் மடை வேலை செய்கிற அதே விதம்தான். ரங்கூனுக்குக் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போன ஐயாவின் பேத்தியான ஓர் ஆச்சி, கடக்கும்வரை உட்காரவே இல்லை.

ஒரு கப்பல் கடக்கச் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. 2023இல் மழை பொய்த்தபோது தினம் கடக்கும் கப்பல்களையே குறைத்தார்கள். அதைக் கேட்டதும் நம் ஊருணியின் வரத்துக்கால் கருவேல முள் அடைத்துக் கிடப்பதுதான் கண்முன் வந்தது. இதை மூன்றாண்டாகச் செயற்குழுவில் வைக்கிறேன். கூட்டத்துக்கு வருவோர் தொகை போதாமல் ஒவ்வொரு முறையும் தள்ளிப்போகிறது.

வரவு செலவைப் பொருளாளர் எழுதி வைத்திருக்கிறார். பொதுவாக வரவுக்குள் செலவு அடங்கிற்று. உறுப்பினர் 62 பேரில் 27 பேர் சந்தா நிலுவை. சிலருக்கு மூன்றாண்டு பாக்கி. பெயர் வாசிக்க எனக்கு மனமில்லை.

கூடம் தந்தவர்களுக்கும், காபி பலகாரம் செய்து கொடுத்த ஆச்சிமாருக்கும், நன்கொடையாளர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு வெளிநாட்டுப் பயணம் இல்லை. ஆடிக்குள் வரத்துக்காலைச் சுத்தம் செய்ய வேண்டும். ஜேசிபி வாடகைக்குப் பணமும் கூட நின்று பார்க்க ஆளும் வேண்டும். இளையவர் யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்றால் நோட்டுகளை ஒப்படைத்துவிட்டு வேலைக்கு நானே முதல் ஆளாக வருகிறேன். ரசீதுப் புத்தகம் வாசலருகே மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்தும் எட்டு மணிவரை அங்கேதான் இருப்பேன்.