‘குறைபாடு இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்ட மதர்போர்டு குறித்த புகார்

அனுப்புநர்
தங்கள் மதர்போர்டை வாங்கிய வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, பழுதுப் பதிவு எண் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: புதிதாகப் பொருத்திய கணினி பூட் ஆகாதது – உத்தரவாதத்தின்கீழ் அனுப்பிய மதர்போர்டு உரிய முறையில் சோதிக்கப்படாமல் திருப்பப்பட்டது – மாற்றுப் போர்டு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் பி650 சிப்செட் கொண்ட மதர்போர்டு ஒன்றை, ரைசன் 5 9600எக்ஸ் ப்ராசசருடன் சேர்த்துப் புதிய கணினி ஒன்றை அமைப்பதற்காக வாங்கினேன். பொருத்திய நாள் முதல் இன்றுவரை அந்தக் கணினி ஒருமுறைகூட பூட் ஆகவில்லை. உத்தரவாதத்தின்கீழ் தங்கள் சேவை மையத்துக்கு அனுப்பிய அந்த போர்டு, ‘பரிசோதிக்கப்பட்டது, குறைபாடு இல்லை’ என்ற குறிப்புடன் என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. அந்த முடிவுக்குத் தங்கள் மையம் வந்த விதத்தை ஏற்க முடியாததால்தான் இந்தப் புகாரை எழுதுகிறேன்.

பழுதின் தன்மை இதுதான். பவர் பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் அனைத்தும் சுழல்கின்றன. போர்டின் ஓரத்தில் பழுது காட்டுவதற்கென்று உள்ள நான்கு சிறு விளக்குகளில் ப்ராசசருக்கு உரிய விளக்கு மட்டும் எரிந்து, அணையாமல் அப்படியே நிற்கிறது. திரையில் எதுவும் தெரிவதில்லை. டிடிஆர்5 ரேமை முதன்முறை இயக்கும்போது மெமரி ட்ரெயினிங் (ரேமுக்கு ஏற்றபடி போர்டு தன்னைச் சரிசெய்துகொள்வது) முடியச் சில நிமிடங்கள் ஆகலாம் என்பதும், அதுவரை திரை இருண்டே இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும் என்பதால், அவசரப்பட்டு அணைக்காமல் நெடுநேரம் விட்டுப் பார்த்தேன். ரேமுக்கான விளக்கு ஒரு நொடிகூட எரியவில்லை. அதாவது, ரேமைச் சோதிக்கும் கட்டத்துக்கே போர்டு வந்து சேரவில்லை.

தங்கள் உதவிப் பிரிவினர் செய்யச் சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவற்றை, அவர்களைத் தொடர்புகொள்ளும் முன்பே செய்து முடித்திருந்தேன். அதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதியும், அதே பட்டியல் மீண்டும் மீண்டும் எனக்கு வந்தது. இருபத்து நான்கு முனை மின்கேபிளும் ப்ராசசருக்கான எட்டு முனை கேபிளும் முழுமையாக அழுந்தியிருக்கின்றன. ஒரே ஒரு ரேமை, கையேடு காட்டும் ஏ2 ஸ்லாட்டில் மட்டும் போட்டுப் பார்த்தேன். பிறகு மற்றதையும் அவ்வாறே. போர்டிலுள்ள சீமாஸ் பேட்டரியைக் கழற்றி வைத்து, பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டின் சிப்பிலேயே பதிந்துள்ள மென்பொருள்) அமைப்புகளை அழித்தேன். கேபினட்டின் உலோகத்தில் எங்காவது பட்டு ஷார்ட் ஆகிறதோ என்ற ஐயம் தீர, போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டியின் மீதே வைத்து இயக்கினேன். இந்த ப்ராசசரிலேயே கிராபிக்ஸ் இருப்பதால், தனி கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, போர்டின் எச்டிஎம்ஐ வழியாகவே திரையை இணைத்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இதே ப்ராசசர், இதே ரேம், இதே பவர் சப்ளை ஆகிய மூன்றையும் நண்பர் ஒருவரின் கணினியில், இதே ஏஎம்5 சாக்கெட் (ப்ராசசர் உட்காரும் இடம்) கொண்ட வேறொரு போர்டில் பொருத்திப் பார்த்தபோது, கணினி எந்தத் தயக்கமும் இல்லாமல் பயாஸ் திரைக்கு வந்தது. எனவே எஞ்சியிருப்பது தங்கள் போர்டு மட்டுமே.

அதில் என்ன கோளாறு என்பதையும் ஊகிப்பது கடினமன்று. பி650 சிப்செட் போர்டுகள் 2022 அக்டோபரில் விற்பனைக்கு வந்தவை. என் 9600எக்ஸ் இடம்பெறும் ரைசன் 9000 வரிசை வந்ததோ 2024 ஆகஸ்டில். இரண்டும் ஒரே ஏஎம்5 சாக்கெட்டில் உட்காரும் என்றாலும், பழைய பயாஸ் கொண்ட போர்டுக்குப் புதிய ப்ராசசரை அடையாளம் தெரியாது. தங்கள் இணையதளத்தின் ப்ராசசர் ஆதரவுப் பட்டியலில் 9600எக்ஸ் இருக்கிறது. அதன் எதிரே, எந்தப் பதிப்பு முதல் அதற்கு ஆதரவு உண்டு என்பதும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எனக்கு வந்த போர்டின் பயாஸ் சிப் மீது ஒட்டியிருக்கும், விரல் நகத்தைவிடச் சிறிய ஸ்டிக்கரில் அச்சாகியிருப்பது அதற்கு மிகவும் முந்தைய பதிப்பு எண். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத்தான் அதைப் படிக்க முடிந்தது. பெட்டியின் வெளிப்புறத்தில் பதிப்பு எண் எங்கும் இல்லை. ‘ஏஎம்5 ப்ராசசர்களுக்கு’ என்ற பெரிய எழுத்துகள் மட்டுமே உள்ளன. வாங்குபவர் பெட்டியைப் பிரித்து, சீலை உடைத்து, போர்டைக் கையில் எடுத்த பிறகே தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு செய்தியை, வாங்கும் முன்பே அவர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

இத்தகைய நிலைமைக்காகவே ப்ராசசரும் ரேமும் இல்லாமல் பயாஸைப் புதுப்பிக்கும் பிளாஷ்பேக் பொத்தான் இந்த போர்டின் பின்புறம் இருக்கிறது. மற்ற மாடல்களை விட்டு இதை நான் தேர்ந்தெடுத்ததற்கும் அந்தப் பொத்தானே முதன்மைக் காரணம். கையேட்டில் உள்ளபடி, பென்டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்து, தங்கள் தளத்திலிருந்து இறக்கிய கோப்புக்குக் கையேடு சொல்லும் பெயரையே இட்டு, அதற்கென்று குறியிடப்பட்ட யுஎஸ்பி போர்ட்டில் செருகி, இரண்டு மின்கேபிள்களையும் இணைத்துப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு சில நொடிகள் மினுக்கிவிட்டு, பின்னர் நிலையாக எரிந்து நின்றுவிட்டது. நிலையாக எரிந்தால் புதுப்பித்தல் தோல்வி என்று தங்கள் கையேடே சொல்கிறது. கோப்பைப் புதிதாக இறக்கியும், கொள்ளளவு குறைந்த பழைய பென்டிரைவ்கள் உட்பட வெவ்வேறு பென்டிரைவ்களில் முயன்றும் விளைவு மாறவில்லை.

இதைத் தெரிவித்தபோது, ‘தங்கள் பென்டிரைவ் பொருந்தாததாக இருக்கலாம்’ என்று ஒரு பதில் வந்தது. அப்படியானால் எந்தப் பென்டிரைவ் பொருந்தும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்து வந்த யோசனை இன்னும் வியப்பானது: பழைய பயாஸே ஏற்கும் 7000 வரிசை ப்ராசசர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் பொருத்தி, பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளுமாறு கூறினார்கள். நான் அறிந்தவர்களில் ஏஎம்5 கணினி வைத்திருப்பவர் மேற்சொன்ன நண்பர் ஒருவரே. அவரிடம் உள்ளதும் 9000 வரிசைதான். ஒரு பொருளை இயங்க வைப்பதற்காக, அதை வாங்கியவர் இன்னொருவரின் கணினியைக் கழற்ற வேண்டும் என்பது உதவியாகாது.

இதன் பிறகே போர்டைத் தங்கள் சேவை மையத்துக்கு அனுப்பினேன். பழுதின் விவரத்தில் ‘ரைசன் 9000 ப்ராசசருடன் பூட் ஆகவில்லை; பிளாஷ்பேக் பொத்தான் மூலம் பயாஸ் புதுப்பிக்க இயலவில்லை’ என்று தெளிவாக எழுதியிருந்தேன். போர்டுடன் திரும்பி வந்த சோதனை அறிக்கையைத் தாங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சோதனைக்குப் பயன்படுத்திய ப்ராசசர் என்ற கட்டத்தில் ‘ரைசன் 5 7600’ என்று எழுதப்பட்டிருக்கிறது. பயாஸ் பதிப்பு என்ற கட்டத்தில் இருப்பது, அந்தச் சிறு ஸ்டிக்கரில் நான் கண்ட அதே பழைய எண். பிளாஷ்பேக் சோதனை என்ற கட்டம் காலியாக விடப்பட்டுள்ளது. முடிவு: குறைபாடு இல்லை.

நான் முறையிட்டது 9000 வரிசை ப்ராசசரைப் பற்றி. தங்கள் மையம் சோதித்தது பழைய பயாஸே ஏற்றுக்கொள்ளும் 7000 வரிசை ப்ராசசரை வைத்து. இந்தச் சாவிக்குத் திறக்கவில்லை என்று கொண்டுவந்த பூட்டை, வேறொரு சாவியால் திறந்து காட்டிவிட்டு, பூட்டில் பழுதில்லை என்று திருப்பிக் கொடுப்பது போன்றது இது. இன்னும் வருத்தமளிப்பது என்னவென்றால், 7600 ப்ராசசருடன் போர்டு இயங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே, பயாஸ் திரையிலிருந்து சில நிமிடங்களில் புதிய பதிப்பை ஏற்றியிருக்கலாம். என்னை எங்கெங்கோ தேடிச் செய்யச் சொன்ன வேலை அங்கே மேசை மீதே செய்யக்கூடியதாக இருந்தும், பதிப்பு எண்ணைக் கண்ணால் பார்த்துப் படிவத்தில் எழுதிய பணியாளருக்கு, அந்த எண்தான் பழுது என்று தோன்றவில்லை. அல்லது தோன்றியதைச் செய்ய அவருடைய படிவத்தில் இடமில்லை. தனிப்பட்ட பணியாளரைவிட அந்தப் படிவத்தின் மீதே எனக்குக் குறை அதிகம்.

சாக்கெட்டின் ஊசிகள் வளைந்துவிட்டன என்று கூறி உத்தரவாதத்தை மறுத்துவிடுவார்களோ என்று அஞ்சி, அனுப்பும் முன் 1718 ஊசிகளும் தெரியும்படி படங்கள் எடுத்து வைத்திருந்தேன். அப்படி எதுவும் சொல்லப்படவில்லை என்பதைக் குறிப்பிடுவதே முறை. எனினும், இம்முறை போர்டு திரும்பி வந்தபோது சாக்கெட்டின் பாதுகாப்பு மூடி சரியாகப் பொருத்தப்படாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. ஊசிகள் இப்போதும் நேராகவே உள்ளன. அதற்கும் படங்கள் உள்ளன. இனி அவற்றில் ஏதேனும் சேதம் கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கு நான் பொறுப்பாக மாட்டேன் என்பதை இப்போதே எழுத்தில் பதிவு செய்கிறேன்.

எனவே, இதே மாடலில் 9600எக்ஸ் ப்ராசசரை ஏற்கும் பயாஸ் பதிப்பு ஏற்றப்பட்ட, பிளாஷ்பேக் வசதி சோதித்துப் பார்க்கப்பட்ட புதிய போர்டு ஒன்றை எனக்கு மாற்றித் தர வேண்டும். அது இயலாதெனில் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். பயாஸை மட்டும் புதுப்பித்து இதே போர்டை மீண்டும் அனுப்புவது போதுமானதாகாது; ஏனெனில் பிளாஷ்பேக் பொத்தான் வேலை செய்யவில்லை என்பது தனியான பழுது. நாளை ஏதேனும் புதுப்பித்தலின்போது மின்சாரம் தடைபட்டு பயாஸ் கெட்டுப்போனால், எனக்கு இருக்கும் ஒரே மீட்பு வழி அதுதான். மாற்றுப் போர்டை அனுப்பும் செலவும், இந்த போர்டைத் திரும்பப் பெறும் செலவும் தங்களுடையதாக இருக்க வேண்டும். உத்தரவாதக் காலம் மாற்றுப் போர்டு என் கைக்கு வரும் நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். ‘குறைபாடு இல்லை’ என்ற பதிவு, பின்னாளில் என் கோரிக்கைகளை மறுக்கப் பயன்படக்கூடும் என்பதால், அதையும் நீக்கி எழுத்துமூலம் உறுதிப்படுத்த வேண்டுகிறேன்.

என் தனிப்பட்ட கோரிக்கையைச் சாராத ஒன்றும் உண்டு. கிடங்குகளில் இன்னும் பழைய பயாஸுடன் பெட்டிகள் இருக்குமானால், வெளியே பதிப்பு எண் தெரியும்படி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது தங்களுக்குப் பெரிய செலவாகாது. சோதனைப் படிவத்திலும், வாடிக்கையாளர் குறிப்பிட்ட ப்ராசசருடன்தான் சோதிக்கப்பட்டதா என்று ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். அதுவரை போர்டு, அதன் பெட்டி, மூடி அனைத்தும் வந்த நிலையிலேயே என்னிடம் வைக்கப்பட்டிருக்கும். பதிலில் மீண்டும் ரேமைக் கழற்றி மாட்டச் சொல்ல வேண்டாம் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்புகள்: விற்பனை ரசீது நகல், சேவை மையத்தின் சோதனை அறிக்கை நகல், பயாஸ் சிப் ஸ்டிக்கரின் படம், சாக்கெட்டின் படங்கள் (அனுப்பும் முன்பும் திரும்பி வந்த பின்பும்), பிளாஷ்பேக் விளக்கு நிலையாக எரிவதைக் காட்டும் காணொளி, உதவிப் பிரிவுடனான மின்னஞ்சல்கள்.