குச்சியைப் பீரோவுக்குப் பின்னால் போட்ட பிறகு: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தலைமையாசிரியை ஆகிவிட்டாய், அதுவும் ஈராசிரியர் பள்ளியில். வாழ்த்து சொல்வதா ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை, இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள், வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அவர் வழக்கம்போல் பனியன் கம்பெனிக் கணக்குவழக்கில் மூழ்கிக் கிடக்கிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "அடிக்கக் கூடாது, புரிகிறது. திட்டவும் கூடாதென்றால் இந்த வானரங்களை எப்படித்தான் கட்டி மேய்ப்பது?" என்று எழுதியிருந்தாய். பயிற்சி நிறுவனத்தில் குழந்தை உளவியல் தாளுக்கு நாம் பக்கம் பக்கமாக எழுதிய பதில்களில் ஒன்றுகூட இதற்கு உதவாது என்பது உனக்கே தெரியும். அதனால் திருப்பூர்ப் பக்கத்தில் எங்கள் பள்ளியில் நடப்பதை அப்படியே எழுதுகிறேன், உனக்கு எது பொருந்துமோ எடுத்துக்கொள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவை நம்மவர்கள் பாதிதான் படிக்கிறார்கள். உடலில் தண்டனை கூடாது என்று சொல்கிற அதே வரியில் மனத்தைத் துன்புறுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. அந்தச் சட்டம் 2009-இல் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2003-இலேயே, விதியைத் திருத்தி அடிக்கத் தடை போட்டுவிட்டார்கள். ஆக, குச்சி பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது, நாக்கு மட்டும் வெளியிலேயே நிற்கிறது. "நீயெல்லாம் எதுக்குடா வர்றே, மாடு மேய்க்கப் போ", "உங்க அண்ணன் லட்சணம்தானே உனக்கும் வரும்" என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு, "நான் ஒருத்தன்மேல் கை வைத்ததில்லை" என்று பயிற்சிக் கூட்டத்தில் பெருமையாகப் பேசுகிறவர்களை நீயும் பார்த்திருப்பாய். மூன்றாம் வகுப்பில் டீச்சர் வாயால் 'மக்கு' என்று பெயர் வாங்கிய பிள்ளையை ஐந்தாம் வகுப்பு வரை மற்ற பிள்ளைகள் அந்தப் பெயரிலேயே கூப்பிடும். சொன்னவருக்கு மறுநாளே மறந்துபோயிருக்கும்.

பெற்றோரைக் கேட்டால் இன்னும் மோசம். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர், நாங்க ஏன்னு கேக்க மாட்டோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். அடியாத மாடு படியாதாம். அவர்களோடு வாதாடிப் பயனில்லை. ஆகவே நான் பதிலுக்கு ஒரே கேள்விதான் கேட்பேன்: "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினான்?" பாதிப் பேருக்குப் பதில் தெரியாது, அம்மா நைட் ஷிஃப்ட்டில் இருந்திருப்பாள். செல்போனோடு பன்னிரண்டு மணிவரை கிடந்த பிள்ளை காலையில் பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கத்தான் செய்யும்.

நான் சொல்ல வருவது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. தொடக்கப் பள்ளியில் நாம் 'சேட்டை' என்று சொல்வதில் பெரும்பகுதி பசி, தூக்கம், தாகம், இடநெருக்கடி, காத்திருக்கிற சலிப்பு. பிள்ளையைத் திருத்துவதற்கு முன்னால் நேரத்தையும் இடத்தையும் திருத்திப் பார், மிச்சம் இருக்கிற சேட்டை சமாளிக்கிற அளவுக்கு வந்துவிடும்.

காலை உணவுத் திட்டத்தையே எடுத்துக்கொள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததே, அதற்கு முன்பு முதல் பாடவேளை எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். பத்தரை மணிக்கெல்லாம் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள், இரண்டு பேர் சுவரில் சாய்ந்து தூங்குவார்கள், ஒருவன் காரணமே இல்லாமல் எல்லோரிடமும் வம்புக்கு நிற்பான். மதியச் சத்துணவு வரும்வரை அவர்களை இழுத்துப் பிடிப்பதே நம் வேலையாக இருந்தது. இப்போது மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வருகிற அக்கா பொங்கலோ கிச்சடியோ செய்து வைத்துவிடுகிறார். சாப்பிட்டுவிட்டு உட்காருகிற பிள்ளைகளிடம் "வாயை மூடு" என்று சொல்லவேண்டியதே குறைந்துவிட்டது. வருகைப் பதிவு கூடியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், வகுப்பறையில் எரிச்சல் குறைந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே குறை, தாமதமாக வருகிற பிள்ளைகள். எட்டே முக்காலுக்கு மேல் வருகிறவனுக்குத் தட்டு காலியாகிவிடும், அன்று முழுக்க அவனோடு மல்லுக்கட்ட வேண்டும். இப்போது அந்த அக்காவிடம் சொல்லி ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் எடுத்து மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். தாமதமாக வந்தவனை முதலில் சாப்பிட வைத்துவிட்டு அப்புறம்தான் "ஏன் லேட்டு?"

அடுத்து சண்டை. உதவி ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார், எனக்கு முதலில் விளையாட்டாகத்தான் பட்டது. ஒரு பழைய நோட்டில், சண்டை எங்கே நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது என்று மட்டும் எழுதிக்கொண்டே வருவது. யார் சண்டை போட்டார்கள் என்பதை எழுதக் கூடாது. அதுதான் கண்டிப்பான நிபந்தனை, ஏனென்றால் பெயரை எழுதினால் அந்த நோட்டு குற்றப் பதிவேடு ஆகிவிடும். கொஞ்ச நாள் எழுதிப் பார்த்தால், பெரும்பாலான சண்டை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில்: மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் குழாயடியில். ஊர்க் குழாயடிச் சண்டையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தானே என்று நீ சிரிப்பாய். சங்கதி என்னவென்றால் குழாய்கள் நான்கு, தண்ணீர் வந்தது ஒன்றில் மட்டும்தான், மற்றவற்றில் திருகு போயிருந்தது. ஐந்து வகுப்பும் ஒரே மணிக்கு ஓடிவந்தால், கையில் தட்டு வேறு, என்ன ஆகும்? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தோம், பிளம்பர் வேலை தெரிந்த ஓர் அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து சரிசெய்து கொடுத்தார். இப்போது முதல் வகுப்பு முன்னால் போகிறது, அவர்கள் உட்கார்ந்த பிறகு இரண்டாம் வகுப்பு, இப்படியே. சோப்பையும் வலைப்பையில் போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிட்டுவிட்டோம். குழாயடிச் சண்டை ஏறக்குறைய இல்லை. அதே 'ரவுடிப் பயல்கள்'தான், ஒருவனையும் மாற்றவில்லை.

தண்ணீர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. போன வருஷம் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க என்றே 'வாட்டர் பெல்' அடிக்கச் சொல்லி வந்ததல்லவா, அது நல்ல காரியம்தான். ஆனால் நாலாம் ஐந்தாம் வகுப்புப் பெண் குழந்தைகள் மணி அடித்தாலும் குடிக்க மாட்டார்கள், ஒரு வாய் நனைத்துவிட்டு பாட்டிலை மூடிவிடுவார்கள். கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்றால் எந்தப் பெண் குழந்தை தண்ணீர் குடிக்கும்? மூன்று மணிக்குத் தலைவலி, சிடுசிடுப்பு, "அவ பாக்குறா டீச்சர்" என்று ஒரு புகார். நீ புதுப் பள்ளியில் முதலில் பார்க்க வேண்டியது கரும்பலகையை அல்லடி, அந்தத் தாழ்ப்பாளைப் பார்.

பாராட்டு விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கிறது. ஸ்டார் ஒட்டுகிற சார்ட் வைத்தோம். எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான் நடந்தது, அதே நாலு பிள்ளைகளின் பெயருக்கு நேராக வானமே இறங்கிவிட்டது, கடைசி வரிசைப் பையன்கள் சார்ட் இருக்கிற சுவரையே பார்ப்பதை விட்டுவிட்டார்கள். சார்ட்டைக் கழற்றியாயிற்று. அப்புறம் நம் காலத்திலிருந்து மாறாமல் வருகிற அந்தப் பழக்கம், டீச்சர் வெளியே போனதும் வகுப்புத் தலைவன் 'பேசியவர்கள்' என்று போர்டில் பெயர் எழுதி, மறுபடி பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு இரண்டு, மூன்று என்று ஏற்றுவானே, அதை நிறுத்திவிட்டு 'உதவியவர்கள்' என்று எழுதச் சொன்னேன். ஒரு வாரம் அருமையாகப் போனது. பிறகு பார்த்தால், பென்சில் கடன் கொடுத்துப் பெயர் வாங்குவதற்காகவே இன்னொருத்தன் பென்சிலை ஒளித்து வைக்கிறார்கள்! சிரிப்பை அடக்க முடியவில்லை. போர்டில் எழுதுவதே வேண்டாம் என்று விட்டாயிற்று. இப்போது வாயால் சொல்வது மட்டும்தான், அதையும் பொத்தாம்பொதுவாக "வெரி குட்" என்று சொல்லாமல் என்ன செய்தான் என்பதைச் சொல்வது: "தட்டைக் கீழே போட்டுவிட்டாள், நீ சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தாய், பார்த்தேன்." இதைச் சொல்லும்போது அந்தப் பையன் காதைச் சொறிந்துகொண்டு வேறெங்கோ பார்ப்பான். மறுநாள் நம் கண் படுகிற இடத்தில் தட்டு எடுக்க வந்து நிற்பான், அது வேறு விஷயம்.

'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், எழுத்தும் கணக்கும் எவ்வளவு தெரியும் என்று பார்த்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரிக்கிறோமே, அதிலும் கவனம் தேவை. பெயர் என்னவோ அழகுதான், ஆனால் இடைவேளையில் ஒருத்தன் இன்னொருத்தனை "போடா, நீ அரும்புதானே" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. அதனால் குழுவாக உட்கார வைக்கும்போது நிலையின் பெயரைச் சொல்லாமல் "ஜன்னல் பக்கம் வாங்க, கதவுப் பக்கம் வாங்க" என்று கூப்பிடுகிறோம். பிள்ளைகள் கண்டுபிடிக்காமல் இருக்க மாட்டார்கள், ஆனாலும் நம் வாயிலிருந்து வரவில்லை என்பது ஒரு வித்தியாசம்தான்.

உட்கார வைப்பது பற்றி இன்னொரு வார்த்தை. சாதி வெறியில் சக மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்கவும், கையில் சாதியைக் காட்டுகிற கலர் கயிறு கட்டுவதைத் தடுக்கவும் சொல்லியிருந்தார்கள். அது உயர்நிலைப் பள்ளி விவகாரம் என்று நம் ஆட்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சத்துணவு வரிசையில் கொஞ்ச நேரம் நின்று பார், யார் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது என்பதை ஏழு வயதுப் பிள்ளை வீட்டிலிருந்தே கற்றுக்கொண்டு வருகிறது. சாப்பாட்டுக்கு வரிசையை நாங்களே அமைக்கிறோம், தினமும் மாற்றி மாற்றி. இதில் மட்டும் பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்பதில்லை.

இந்தப் பக்கத்துக்கே உரிய பிரச்சினை ஒன்று உண்டு, உன் டெல்டாவில் அவ்வளவு இருக்காது. வேலைக்காக வந்த ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகள். ஒரு பையன், சொன்ன பேச்சே கேட்பதில்லை, "உட்கார்" என்றால் நிற்பான், "நில்" என்றால் ஓடுவான். அவனுக்கு 'அடங்காதவன்' என்று பெயர் விழ இருந்த நேரத்தில், இரண்டாம் வகுப்பில் இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிற ஒரு குட்டிப் பெண் வந்து, "அவனுக்கு வெளிக்கு வருதாம் டீச்சர், எங்க போறதுன்னு தெரியலையாம்" என்றாள். அன்றிலிருந்து அவள்தான் எங்கள் மொழிபெயர்ப்பாளர், வருமானம் ஒரு கடலைமிட்டாய். கழிவறை, தண்ணீர், பசி, வலி, வீடு என்று படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறோம், பிள்ளை விரலை வைத்துக் காட்டினால் போதும். தமிழ்ப் பிள்ளைகளும் அதைப் பயன்படுத்துகிறார்கள், வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிற நாட்களில்.

பிள்ளைகள் மனக்குறையை எழுதிப் போடுகிற 'மாணவர் மனசு' பெட்டி உன் பள்ளியில் பூட்டிக் கிடக்கிறதா? பெரும்பாலும் அப்படித்தான். எங்கள் பெட்டியைத் திறந்தால் பென்சில் சீவல், பூ வரைந்த சீட்டு, "அவன் என் ரப்பர எடுத்துகிட்டான்" என்கிற வழக்குகள். அவற்றுக்கு நடுவில் ஒரு நாள் ஒரு சீட்டு: "டீச்சர் என் பேர சொல்லி கூப்புடவே இல்ல". பெயர் எழுதவில்லை, கோணல் எழுத்து. யாரென்று துருவவில்லை, காலையில் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவதை உதவி ஆசிரியர் எடுத்துக்கொண்டார். முகம் வாடியிருக்கிறதா, ஜுரமா, அழுதிருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. உடம்பில் காயமோ, வீட்டுக்குப் போகப் பயமோ தெரிந்தால் அது நம் கை வைத்தியத்துக்கு அடங்காது, குழந்தைகள் உதவி எண் 1098-க்குத்தான் பேச வேண்டும். பாடநூலில் அந்த எண்ணும் கல்வி உதவி எண் 14417-உம் அச்சிட்டிருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுத்துவிடு.

இதெல்லாம் இருந்தும் மூன்று மணிக்கு மேல் நாங்களும் கத்தத்தான் செய்கிறோம். நம்மைப் பற்றி யார் கேட்கிறார்கள்? அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று சட்டம் கணக்குப் போட்டுவிட்டது, வகுப்பு ஐந்து என்பதை யார் பார்த்தார்கள்? பிள்ளைகள் விவரத்தை இணையத்தில் ஏற்றுகிற எமிஸ் பதிவு, வாக்காளர் பட்டியலுக்கான பி.எல்.ஓ. வேலை, நடுவில் ஒரு காணொலிக் கூட்டம். ஒருவர் அதற்கெல்லாம் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே ஹாலில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த நாளில் எந்தப் பொறுமைப் பாடமும் எடுபடாது. இதை ஒருநாள் கூட்டத்தில் எழுந்து நீ கேளேன், புது எச்.எம். சொன்னால் கேட்பார்களோ என்னவோ.

எங்களுக்கு இன்னும் பிடிபடாதது கடைசிப் பாடவேளைதான். அந்தச் சண்டை நோட்டில் இரண்டாவதாக அதிகம் வருவது அந்த நேரம். கதை சொன்னால் சின்னவர்கள் தூங்கிவிடுகிறார்கள், விளையாட விட்டால் பெரியவர்கள் சண்டை. நீ முன்பு வேலை பார்த்த பள்ளியில் மாலையில் காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் விட வைத்தீர்களே, அதை எப்படிப் பிரித்து விட்டீர்கள், எந்த வகுப்புக்கு எந்தப் பாத்தி, மழைக்காலத்தில் என்ன செய்தீர்கள் என்று விவரமாக எழுது. ஜூன் மாதம் இங்கேயும் பாத்தி போடலாம் என்று உதவி ஆசிரியர் சொல்லிக்கொண்டிருக்கிறார், இடம் இருக்கிறது, வேலிதான் இல்லை, ஆடு உள்ளே வந்துவிடும்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன்
பழைய ஹாஸ்டல் தோழி