சந்தா கட்டிப் பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூடியூபர்கள் லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கிறார்கள் என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிலர் சம்பாதிக்கிறார்கள், நல்லது. ஆனால் நான் விரும்பிப் பார்க்கிற சேனல்களுக்கு அந்தக் கதை பொருந்தாது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெரம்பூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் போனைப் பேப்பர் கட்டில் சாய்த்து வைத்து ஒரு தம்பியின் கல்வெட்டு வீடியோக்களைப் பார்ப்பேன். வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கோயில் கோயிலாகப் போகிறவர். போன மாதம் உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டு நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் இவர் கல்லைத் தொடாமல் விரலை ஓட்டி, எழுத்தெழுத்தாக வாசித்து, நிறுத்தி, பொருள் சொல்லும்போது முதலாம் பராந்தகன் காலத்து ஊர்ச்சபையில் நாமும் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. அந்தச் சபைக்கு நிற்கிறவருக்கு 35 வயதுக்குக் குறையக் கூடாது, 70 தாண்டக் கூடாது, கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் என்றால் அவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. எனக்கு அந்தக் கடைசி விதி மனதிலேயே நின்றுவிட்டது.

இருபது நிமிட வீடியோவுக்கு மூன்று வாரம் ஆனதாம். காற்றுச் சத்தம் கேட்காமலிருக்க மைக்கில் பழைய கரடி பொம்மையின் தோலை வெட்டிச் சுற்றியிருக்கிறார், ஓரத்தில் தையல் நூல் தொங்குவதுகூடத் தெரியும்.

விளம்பரம் இதற்குச் சோறு போடாது. நீள வீடியோ போடுகிறவர் விளம்பரக் காசில் பங்கு வாங்கவே 1000 சப்ஸ்கிரைபர்களும், 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதைத் தாண்டினாலும் கைக்கு வருவது 55 சதவீதம், அதுவும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து. கூட்டம் சேர வேண்டுமென்றால் 'கோயிலுக்கு அடியில் புதையல்' என்று தலைப்பு வைத்து வாயைப் பிளந்த படம் ஒட்ட வேண்டும். தம்பி அதற்குச் சம்மதிக்கவில்லை. அவர் அப்படியே இருக்கட்டும் என்று ஆசைப்படுகிற நாம்தான் கையைவிட்டுக் காசு எடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு இசைக்கலைஞர், வீடியோவை லட்சக்கணக்கில் பார்த்தும் விளம்பரத்தில் சில்லறைதான் வருகிறது என்று நொந்துபோய்த்தான் 2013-ல் பேட்ரியான் என்ற இணையதளத்தை இன்னொருவருடன் சேர்ந்து தொடங்கினார். ரசிகர்கள் மாதாமாதம் ஒரு தொகை கட்டுவதுதான் ஏற்பாடு. நமக்கு இது புதிதா என்ன? சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' இலக்கியப் பத்திரிகையைத் தொடங்கியபோது சந்தாக்காரர்களை நம்பித்தானே நடத்தினார், புத்தக மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனாரே. கூத்து நடக்கும்போது நடுவில் எழுந்து போய் நோட்டைக் குத்திவிட்டு வருவதும் இதே கணக்குதான்.

நான் மாதம் 100 ரூபாய் அனுப்புகிறேன். யூடியூப் மெம்பர்ஷிப்பில் சேர்ந்தால் 30 சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், யுபிஐ-யில் நேராக அனுப்பினால் முழுசாகப் போய்ச் சேரும். ஒன்று மட்டும், க்யூஆர் கோடு அவருடைய சேனலிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள், கமெண்டில் யாரோ போடும் நம்பருக்கு வேண்டாம்.

அப்புறம், காசு எங்கே போகிறது என்ற சந்தேகம் பலருக்கு வரும், எனக்கும் வந்தது. தம்பி மாதக் கடைசியில் ஒரு தாளில் எழுதிப் படம் போடுகிறார்: பஸ், டீ, மெமரி கார்டு, மிச்சம் இவ்வளவு. உத்திரமேரூரில் வாசித்ததை வீட்டிலும் கடைப்பிடிக்கிறார் என்று எனக்குச் சந்தோஷம். போன மாதத் தாளில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிது வாங்க 1800 ரூபாய் குறைகிறது, அது வந்ததும் மாமண்டூர் குகைக்குப் போகலாம் என்று இருந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இதழில் கால் பத்தி போதும், வாரம் ஒரு சின்ன சேனல், என்ன செய்கிறார்கள், எப்படிச் சந்தா கட்டுவது என்று போடுங்கள். முதல் வாரத்துக்கு வேண்டுமானால் இந்தத் தம்பியின் சேனலை நான் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை