3,800ஐ எழுதின அண்ணாவுக்கு

அண்ணா,

வெள்ளிக்கிழமை பேப்பர் போட்டுட்டேன். எச்.ஆர். சொல்லியிருப்பாங்க. நேர்ல வந்து சொல்லாததுக்கு மன்னிச்சிடுங்க. கேபினுக்கு வந்திருந்தா நீங்க டீ சொல்லியிருப்பீங்க, நானும் பேச்சை மாத்திட்டுத் திரும்பியிருப்பேன். அதனாலதான் எழுத்துல. நாலு பேர் பார்க்கிற இடத்துல எழுதுறது உங்களுக்குப் பிடிக்காது. ஆனா அம்பத்தூர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகள்ல நாளைக்கு ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆகப்போற பசங்க இதைப் படிக்கணும். கம்பெனி பேரு, கஸ்டமர் பேரு எதுவும் இதுல வராது.

நம்ம பழைய கதையெல்லாம் வேணாம். நம்ம பிரஸ் ஷாப்ல அந்த ஒரு நைட் ஷிஃப்ட் மட்டும்.

நாலாம் நம்பர் பிரஸ்ல ரெண்டு கை பட்டன்ல ஒண்ணுல மரச்சில்லு செருகியிருந்துச்சு. ராம், அதாவது தகட்டை அழுத்தற மேல்பாகம், இறங்கும்போது ரெண்டு கையும் பட்டன் மேல இருக்கணும், டைக்குள்ள (அச்சுக்குள்ள) இருக்கக்கூடாது. அதுக்காகத்தான் ரெண்டு பட்டன். ஒண்ணை அடைச்சுட்டா ஒரு கை சும்மா இருக்கும், அடுத்த பிளாங்கை (வெட்டி வெச்ச தகட்டை) எடுத்து வைக்கலாம், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ஒண்ணு ரெண்டு செகண்ட் மிச்சம். புது பேனல்ல இது நடக்காது. அரை செகண்டுக்குள்ள ரெண்டையும் சேர்த்து அழுத்தணும், ஒவ்வொரு தடவையும் ரெண்டையும் விடணும், இல்லன்னா அடுத்த ஸ்ட்ரோக் வராது. நம்மளது பழைய பேனல்.

நீங்க மெயினை ஆஃப் பண்ணி, உங்க பூட்டைப் போட்டு, சாவியைப் பாக்கெட்ல வெச்சீங்க. அதை ஓட்டின பையன் நடுங்கிட்டு நின்னான். திட்டுவீங்கன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. "உனக்கு இன்னிக்கு எத்தனை பீஸ் சொன்னாங்க?"ன்னு கேட்டீங்க. 4,800ன்னான்.

ஜாப் கார்டைத் திருப்பிப் போட்டு அவன் எதிர்லயே கணக்குப் போட்டீங்க. எட்டு மணி நேரம், 480 நிமிஷம். சாப்பாடு 30. ரெண்டு டீ 20. ஷிஃப்ட் ஒப்படைக்க 10. டை மாத்தி, செட் பண்ணி, ஃபர்ஸ்ட் பீஸ் குவாலிட்டில ஓகே ஆக 40. மிச்சம் 380. கையால லோட் பண்ற வேலை, நிமிஷத்துக்கு 10 பீஸ். 3,800. யாரோ ஆபீஸ்ல உக்காந்து 480ஐப் பத்தால பெருக்கியிருக்காங்க. "மீதி ஆயிரம் எங்கேருந்து வருது தெரியுதா? இந்தச் சில்லுலேருந்து." போர்டுல 4,800ஐ அழிச்சு 3,800ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க. காலையில பிளானிங்குக்கு நீங்களே போய் பதில் சொன்னீங்க, அந்தப் பையனை இழுக்கல.

இப்ப அதே போர்டுல 4,800 திரும்ப வந்திருக்கு. கையெழுத்தும் உங்களுதுதான்.

உங்க மேல இருக்கிற அழுத்தம் தெரியாம பேசல. கஸ்டமர் வருஷா வருஷம் விலையைக் குறைன்னு நிக்கிறான், ஸ்டீல் விலை யார் சொல்லியும் கேக்காது. ஆனா மேலேருந்து வர்ற நம்பரைப் பிரிச்சுப் பார்த்து, முடியாததைத் திருப்பி மேலயே அனுப்பத்தானே அந்த நாற்காலி? அப்படியே கீழே தள்ளிவிட மெயில் போதுமே.

மீட்டிங்ல நீங்க கேக்கற கேள்வியும் மாறிடுச்சு. முன்னாடி "ஏன் நின்னுச்சு?" இப்ப "யாரு நிறுத்தினது?" அதுலேருந்து என்ன ஆகுதுன்னு பாருங்க. 2 மில்லிமீட்டர் ஷீட்ல பர், அதாவது வெட்டின ஓரத்துல நிக்கிற பிசிறு, 0.2 மில்லி தாண்டினா வெட்டற பஞ்ச் மழுங்கிடுச்சுன்னு அர்த்தம், கழட்டி கிரைண்ட் பண்ணணும். முந்நூறாவது பீஸ்லயே ஆபரேட்டர் விரலுக்கு அது தெரிஞ்சிடும். நிறுத்தினா பேரு கெடும்னு வாய மூடிட்டு ஓட்டறான். லாட் முடிஞ்சு குவாலிட்டி பிடிக்கும். அப்புறம் ரெண்டு பேர் முழு ஷிஃப்டும் உக்காந்து பொறுக்கணும். அதுக்குள்ள பஞ்ச் இன்னும் அடிவாங்கி, லேசா கிரைண்ட் பண்ணினா போதும்கிற நிலைமையும் போயிருக்கும்.

பிரச்சினைன்னா எரியவிடற ஆண்டன் விளக்கு மாட்டினப்ப நீங்கதான் எங்களுக்குச் சொன்னீங்க: டொயோட்டாவுல லைன்ல நிக்கிற யார் வேணாலும் கயிறை இழுக்கலாம், இழுத்த உடனே லைன் நிக்காது, டீம் லீடர் வருவார், அந்த ஸ்டேஷன் எல்லைக்குள்ள சரியாகலைன்னாதான் நிக்கும்னு. ஒடிசாப் பசங்களுக்காக "ரோக்கோ" (நிறுத்து)ங்கற வார்த்தையைத் தமிழ்ல எழுதிப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டுப் பழகினீங்க. அந்த மனுஷன்கிட்ட வேலை கத்துக்கிட்டது என் பாக்கியம்ணா. நம்ம விளக்கு இப்ப மாசக்கணக்கா எரியல. ரிவ்யூல அதைப் பச்சையில காட்டறாங்க. பிரஸ் ஷாப்ல ஒரு மாசம் ஒரு பிரச்சினையும் வராம இருக்காது. வந்ததை யாரும் சொல்லலைன்னுதான் அதுக்கு அர்த்தம். உங்களுக்கா இது தெரியாது?

போன மாசம் நடந்ததைப் பத்தி இங்க எழுத மாட்டேன். அதுல அடிபட்ட பையன் ஊர்ல இருக்கான், அவனைக் கேக்காம நான் எழுதக்கூடாது. பொதுவா ஒண்ணு மட்டும். காயம்பட்டவனை வெளியில கிளினிக்ல காட்டி முடிச்சுட்டு, இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்பலைன்னா, விரல் போனவன் அது வேலையில நடந்துச்சுன்னு நிரூபிக்கவே அல்லாடணும். மாசாமாசம் வாழ்நாள் முழுக்க வரவேண்டிய ஊனப் பணம் அது. அறிக்கை அனுப்பச் சொல்றதுக்கு யாரோட அனுமதியும் ஒரு இன்சார்ஜுக்குத் தேவையில்ல.

"லைட் கர்ட்டன் போட்டாச்சே"ன்னு சொல்லாதீங்க. கை குறுக்க வந்தா ஒளிக்கதிரால கண்டுபிடிச்சு பிரஸ்ஸை நிறுத்தச் சொல்ற கருவிதான் அது. பின் கிளட்ச் பிரஸ்ல ராம் கிளம்பினா ஒரு சுத்து முடிச்சுதான் நிக்கும். கர்ட்டன் கையைப் பார்க்கும், ராமை நிறுத்தாது. அதுல ராம் முழுசா நிக்கிற வரைக்கும் திறக்காத தடுப்புதான் வேணும். ஃபிரிக்‌ஷன் கிளட்ச்லயும் (அது நடுவுலயே நிக்கும்) டைலேருந்து கர்ட்டன் இருக்கிற தூரம் சரியா இருந்தாதான் பிரயோஜனம். பிரஸ் நிக்கற நேரத்தைக் கை வேகத்தால பெருக்கணும், செகண்டுக்குக் குறைஞ்சது 1.6 மீட்டர். 0.2 செகண்டுல நின்னா 320 மில்லி. கதிர் இடைவெளிக்காக அதுக்கு மேல இன்னும் கூட்டணும். பிரேக் லைனர் தேயத் தேய நிக்கற நேரம் கூடும், அதனால திரும்பத் திரும்ப அளக்கணும். இதெல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்ததுதான். அந்த அளவை எழுதற ஷீட் இப்ப எப்படி நிரம்புதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

நோட்டீஸ் முடியற வரைக்கும் இருப்பேன். புதுசா வர்றவருக்கு டை லிஸ்ட், கிரைண்டிங் தேதி எல்லாம் எழுதி வெச்சுட்டேன். ஒண்ணை மட்டும் நீங்களே பாருங்க. மூணாம் நம்பர் பிரஸ் நேத்து அளந்தப்ப 0.26 செகண்ட் காட்டுது. பெருக்கினா 416 மில்லி. கர்ட்டன் இன்னும் 320லதான் நிக்குது. லைனர் மாத்தற வரைக்கும், இல்ல கர்ட்டனைத் தள்ளி வைக்கற வரைக்கும் அதை ஓட்ட விடாதீங்க. திங்கட்கிழமை காலையில முதல் ஷிஃப்ட்ல பிளான் போட்டிருக்காங்க.